வழிப்பறியும் தண்டமும்

(பெங்களூரில் பௌர்ணமி உபோசத நாளில் நிகழ்த்திய அறவுரையின் எழுத்து வடிவம்)



நம் சபையில் பஞ்சசீலம் ஏற்று முடிந்ததும் எவரேனும் எழுந்து தம் ஐயத்தைக் கேட்பதும், அதனையே பொருளாகக் கொண்டு யாம் உரை நிகழ்த்துவதும் நீண்டநாள் வழக்கம். இன்றைய பொருளைக் கேட்டவர் அவ்வாறு எழுந்து கேட்டவரல்லர். 2023ஆம் ஆண்டில் ஒரு பௌர்ணமி இரவு, கூட்டம் கலைந்து யாம் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், வாயிற்படியருகே தனித்து நின்று கேட்டார்.

"ஐயா, அந்தப் பையனுக்காக நீங்கள் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சொல்கிறார்கள். எனக்காக எழுதுகிறவர் யார்?"

அன்று யாம் மறுமொழி கூறவில்லை. கூறுதற்கு எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதன்பின் படித்தவற்றையும் கண்டவற்றையும் கொண்டு இன்று கூறத் துணிகின்றோம். அவ்வம்மையாரின் இசைவைப் பெற்றே கூறுகின்றோம். பெயர்களை மட்டும் விடுத்தோம்.

நிகழ்ந்தது இது. அம்மையார் தையற்சாலைத் தொழிலாளி. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இரவு, மிகைநேர வேலை முடித்து நடந்து வருகையில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் மறித்தனர். பின்னால் அமர்ந்திருந்தவன் இறங்கிக் கத்தியைக் கழுத்தருகே நீட்டினான். 2 பவுன் சங்கிலியும் கைப்பையிலிருந்த சீட்டுப் பணமும் போயின. உடம்பிலே ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அன்று முதல் பொழுது சாய்ந்தபின் அவர் தனியே தெருவில் நடந்ததில்லை. மிகைநேர வேலையை விட்டார். அவ்வேலையால் வந்த கூலியையும் விட்டார். பின்னே வண்டியோசை கேட்டால் சுவரோடு ஒட்டி நிற்கிறார். கீறல் இல்லாத காயத்தை எந்த மருத்துவச் சான்றிதழில் எழுதுவது?

வண்டியை ஓட்டியவனுக்கு அப்போது வயது 19. நம் சபையில் முன்வரிசையில் அமர்ந்து மலர்த்தட்டு ஏந்தும் ஒரு தாயின் மகன் அவன். பறிகொடுத்தவரும் பறித்தவனைப் பெற்றவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, கொடாததை எடாதிருப்பேன் என்னும் சீலத்தை ஒரே குரலில் ஓதி வந்தனர். குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் அத்தாய் எம்மிடம் வந்து, "என் பிள்ளை நல்ல பிள்ளை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், ஐயா" என்று அழுதார். எழுதித் தருவதாக யாம் ஒப்புக்கொண்டும் விட்டோம்.

சட்டம் அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். அன்று நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 392ஆம் பிரிவு, வழிப்பறிக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல் வகுத்தது. இரவில் நெடுஞ்சாலையில் நிகழ்ந்ததாயின் 14 ஆண்டு வரை. கொல்லும் கருவியைப் பயன்படுத்தியவனுக்கு 397ஆம் பிரிவின்படி 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 309, 311 என்று எண் மாறினவேயன்றி இந்த அளவுகள் மாறவில்லை. கத்தியைக் கையாண்டவனுக்கே அந்த 7 ஆண்டுக் கீழ்வரம்பு பொருந்தும், உடன் வந்தவனுக்குப் பொருந்தாது என்பது 1975இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம். ஆதலின் கத்தி பிடித்தவன் திறத்தில் நீதிபதியின் கை கட்டுண்டிருந்தது. ஓட்டியவன் திறத்திலோ கை திறந்திருந்தது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, 3 ஆண்டுக்கு மேற்படாத பிணைமுறியின்மேல், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில், பறிகொடுத்தவருக்கு இழப்பீடு கட்டுமாறு பணித்து அவனை விடுவிக்கவும் இயலும். பல்லாண்டு சிறையிலிடவும் இயலும்.

அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னொன்றும் கூறுகின்றது. 21 வயதுக்குட்பட்டவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமாயின், ஏன் அனுப்புகிறேன் என்பதற்கு நீதிபதி காரணம் எழுத வேண்டும். ஆனால் அவ்வயது குற்றம் புரிந்த நாளில் அன்று, தண்டனை விதிக்கும் நாளில் எண்ணப்படுகின்றது. வழக்கு இழுத்தடித்து முடிவதற்குள் இவன் 21ஐக் கடந்துவிட்டான். காலத்தாழ்வினால் இளையோன் தனக்குரிய காப்பை இழந்தான். அம்மையாரோ தம் துன்பத்திற்கு ஒரு விடையுமின்றி அத்தனை ஆண்டு காத்திருந்தார். தண்டம் அஞ்சத்தக்கதாய் இருக்க வேண்டுமென்போரும் திருத்தத்தக்கதாய் இருக்க வேண்டுமென்போரும் ஒருங்கே வெறுக்க வேண்டியது இந்தத் தாமதத்தையே என்பது எம் துணிபு.

குற்றவாளி என்று தீர்த்தபின் தண்டனையைப் பற்றி அவனைத் தனியே கேட்டல் வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் புகுத்திய நன்முறை. அவன் வறுமை, வயது, குடும்பம், திருந்தும் வாய்ப்பு ஆகியவை அன்று பேசப்படும். பறிகொடுத்தவரையும் அன்று கேட்க வேண்டுமென்று அப்பிரிவில் இல்லை. "எனக்காக எழுதுகிறவர் யார்?" என்று அம்மையார் கேட்டது சட்டநூல் படித்தன்று. ஆயினும் சட்டத்தில் எவ்விடத்தே வெற்றிடம் உண்டோ, அவ்விடத்திலேயே அவர் விரல் பட்டது.

இனித் தம்மம் யாது கூறுகின்றது என்று பார்ப்போம். பௌத்தராவார் மன்னிப்பையன்றி வேறொன்றும் அறியார் என்று புறத்தார் எண்ணுகின்றனர். நம்மவரும் அவ்வாறே எண்ணுகின்றனர். தீக நிகாயத்தில் சக்கவத்தி சீகநாத சுத்தம் என ஒன்று உண்டு. அதைப் படித்தவர் அவ்வாறு எண்ணார்.

அதில் ஓர் அரசன் வருகின்றான். முன்னோர் முறைப்படி நாட்டைக் காத்தானெனினும், இல்லார்க்குப் பொருள் வழங்கும் கடமையை மட்டும் கைவிட்டான். வறுமை பெருகிற்று. ஒருவன் பிறர் பொருளைக் கவர்ந்து பிடிபட்டான். ஏன் கவர்ந்தாய் என வினவ, பிழைக்க வழியில்லை என்றான். அரசன் இரங்கிப் பொருள் கொடுத்துத் தொழில் செய்து பிழைக்குமாறு அனுப்பினான். இங்கேயே கதை முடிந்திருந்தால் நமக்கெல்லாம் மனம் குளிர்ந்திருக்கும். முடியவில்லை. கவர்ந்தவனுக்கு அரசன் பொருள் தருகின்றான் என்னும் செய்தி ஊரெங்கும் பரவ, மற்றோரும் கவரத் தொடங்கினர். அரசன் அஞ்சினான், இனி இரக்கம் ஆகாதென்று, அடுத்துப் பிடிபட்டவனைப் பறையறைந்து தெருத்தெருவாய் இழுத்துச் சென்று தலையைக் கொய்வித்தான். விளைந்தது யாது? பிழைப்பற்றோர் தாமும் கூரிய வாள் செய்வித்துக்கொண்டனர். நம்மைக் கண்டவன் உயிரோடிருந்தாலன்றோ நம் தலை போகும், அவன் தலையை நாமே கொய்வோம் என்று துணிந்தனர். வெறுங்கையாய்த் திருடியவர் வாளேந்திய கொள்ளையராயினர்.

இக்கதையை இவ்வளவு காலமும் யாம் வறுமையைப் பற்றிய கதையென்றே சொல்லி வந்தோம். அது தண்டத்தைப் பற்றிய கதையும் ஆகும். பறித்த பின்னர் மட்டும் கை நீட்டிக் கொடுக்கும் இரக்கம், பறித்தலுக்கே கூலி ஆகின்றது. எல்லாக் குற்றத்திற்கும் ஒரே உச்சத் தண்டம் என்றாலோ, சங்கிலியை மட்டும் பறித்துக்கொண்டு ஓடுவதில் கள்வனுக்கு ஊதியமில்லை. சான்றையும் அழித்துவிடவே எண்ணுவான். வெறுங்கைப் பறிப்புக்கு ஓர் அளவு, கத்திக்கு ஓர் அளவு, காயத்திற்கு ஓர் அளவு என்று படிகள் வைப்பது கள்வனுக்குக் காட்டும் சலுகை அன்று. கத்தி கழுத்தருகே இருக்கும் அந்த ஒரு கணத்தில் அம்மையாரின் உயிருக்கு வைத்த காவல் அது.

இது யாம் ஆலையிலேயே கண்டதாகும். எம் இளமையில் யாம் வேலை பார்த்த ஆலையில், பழுதான துணிக்குச் சிறிது கூலி பிடிப்பது வழக்கம். புதிதாய் வந்த மேஸ்திரி ஒருவர், பழுது ஒன்றுக்கு முழுநாள் கூலி என்று விதித்தார். பழுது குறையும் என்று எதிர்பார்த்தார். பழுதான துணி கண்ணில் படுவது குறைந்தது உண்மை. அதனைச் சுருட்டித் தறிக்கடியில் ஒளிக்கக் கற்றுக்கொண்டோம், யாமும் ஒளித்தோம். முன்பு இரண்டு கெசம் பழுதாகும்போதே மேஸ்திரியை அழைத்துத் தறியைச் சீர்செய்தவர்கள், பிறகு இருபது கெசம் பழுதானாலும் வாய் திறக்கவில்லை. இத்தாலி நாட்டுப் பெக்காரியா என்பார் 1764இல் வெளியிட்ட நூலில், தண்டத்தின் கடுமையினும் அது தப்பாது வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று வாதித்ததைப் பிற்காலத்தே நூலகத்தில் படித்தபோது, எமக்கு அத்தறிக்கடியே நினைவுக்கு வந்தது.

கூடதந்த சுத்தத்திலும் இதே கருத்து வேறு முகமாய் வருகின்றது. கள்வரைக் கொன்றும் கட்டியும் ஒழித்துவிடலாம் என்றெண்ணும் அரசனுக்கு அவன் புரோகிதர், எஞ்சியவர் மீண்டும் தலையெடுப்பர் என்கிறார். உழுவோர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், பணியாற்றுவோர்க்கு ஊதியமும் கொடு என்கிறார். இது பறித்தலுக்கு முன் கொடுக்கும் கொடை. முந்தைய அரசன் பறித்தலுக்குப் பின் கொடுத்தான். இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை அரசாள்வோர் அளந்துகொள்வாராக.

அங்குலிமாலர் வரலாற்றை அறியாதார் இங்கு எவருமிலர். அதனை யாம் பல்லாண்டு காலம் பாதியிலேயே நிறுத்திச் சொல்லி வந்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்ளுகின்றோம். கொள்ளைக்காரர் பிக்குவானார், கோசல மன்னன் பசேனதி அவரைப் பிடிக்கக் குதிரைவீரரோடு வந்தவன் வணங்கிச் சென்றான் என்பதோடு நிறுத்துவோம்; கூட்டத்தார் கண்ணீர் உகுப்பர். அதற்கு அப்பாலும் வரலாறு உண்டு. பிச்சைக்குச் சென்ற அவர்மீது கல்லும் கழியும் ஓடும் விழுந்தன. தலை உடைந்து, பாத்திரம் நொறுங்கி, ஆடை கிழிந்து குருதியோடு வந்து நின்றார். பகவன் கல்லெறிந்தவரைப் பழிக்கவில்லை. எறியாதிருக்க இருத்தி வைத்துக் காக்கவுமில்லை. பொறுத்துக்கொள், செய்ததன் பயனை நீ இங்கேயே நுகர்கின்றாய் என்னும் கருத்துப்படக் கூறினார். மனம் மாறியது மெய். ஆயினும் ஊராரின் இழப்பு அதனால் மாறிவிடவில்லை.

விநய பிடகத்தின் மகாவக்கத்திலே இன்னும் கடினமான செய்தி காணப்படுகின்றது. அங்குலிமாலரைத் துவராடையிற் கண்டு மக்கள் நடுங்கினர், முகந்திருப்பினர், கதவடைத்தனர். அவர்தம் முறையீட்டைக் கேட்ட பகவன், பேர்பெற்ற கொள்ளையரை இனிச் சங்கத்திற் சேர்த்தல் ஆகாதென்று விதி வகுத்தார். சிறையிலிருந்து தப்பி வந்தவனையும் சேர்த்தல் ஆகாதென்றார். ஒரு கொள்ளையரைத் திருத்திக் கரையேற்றிய அதே பெருமான், அஞ்சிய பெண்களின் கதவுச் சத்தத்தையும் கேட்டார். சங்கம் குற்றவாளிகள் ஒளியும் புதர் அன்று என்பது இதனாற் பெறப்படும். இதைப் படித்த இரவிலேதான், நல்ல பிள்ளை என்று மட்டும் எழுதும் கடிதத்தை எம்மால் எழுத இயலாது என்று தெளிந்தோம்.

அசோக மன்னரையும் ஒருகால் நினைப்போம். நம் கருநாடகத்திலேயே, கலபுரகி மாவட்டத்துப் பீமா ஆற்றங்கரைச் சன்னதியில், அவர் கலிங்கத்து நீதி அதிகாரிகளுக்கு விடுத்த தனிக் கட்டளையின் படி கல்லிற் கிடைத்திருக்கின்றது. காரணமின்றி எவரும் சிறைப்படலாகாது, அழுக்காறும் சினமும் கொடுமையும் பதற்றமும் சோம்பலும் உடையார் நடுநிலை நிற்றல் இயலாது என்று அதில் எச்சரிக்கின்றார். சிறைப்பட்டோருள் பிள்ளைகுட்டிக்காரரையும் முதியோரையும் விடுவிக்க வழி பார்க்குமாறு தம்ம மகாமாத்திரரைப் பணித்தவரும் அவரே. அவர் தண்டத்தைக் கைவிட்டவர் அல்லர். காடுறை மக்களை நோக்கி, யான் வருந்துகின்றேனெனினும் என்னிடம் ஆற்றல் உண்டு, ஆதலின் தீமையை விட்டு உயிர் பிழைத்துக்கொள்ளுங்கள் என்னும் பொருள்பட 13ஆம் பாறைக் கட்டளையில் அவர் கூறியிருப்பதை நம்மவர் எடுத்துச் சொல்லுவதில்லை. வாளை உறையிலிட்டார், ஆற்றில் எறிந்துவிடவில்லை.

நம் மணிமேகலையார் சோழ மன்னனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கிய வரலாற்றைத் தமிழர் அறிவர். அதன் சாயலை இக்காலத்தும் காணலாம். சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர் 1960இல் வினோபா பாவேயிடமும், 1972 ஏப்ரலில் ஜௌராவில் ஜெயப்பிரகாச நாராயணர் முன்னிலையில் மோகர் சிங், மாதோ சிங் முதலானோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தனர். வைத்தவர் நேரே வீட்டுக்குப் போய்விடவில்லை. வழக்கையும் சிறையையும் ஏற்றனர். அவர்களுக்காக மத்தியப் பிரதேசத்து முங்காவலியில் திறந்த சிறை ஒன்றும் அமைந்தது. இராசத்தானத்துச் சாங்கானேரில் 1963 முதல் நடக்கும் திறந்த சிறையிலோ கைதிகள் குடும்பத்தோடு வாழ்ந்து, பகலில் வெளியே வேலைக்குச் சென்று தாமே பொருளீட்டி, மாலையில் எண்ணிக்கைக்குத் திரும்புகின்றனர். 1994இல் திகார்ச் சிறையில் ஏறத்தாழ ஆயிரம் கைதிகள் ஒருங்கே அமர்ந்து விபாசனை பயின்றனர். தியானம் மிக நன்று, குறை கூறுவோமல்லோம். எனினும், கண்மூடி அமரக் கற்றவன் வெளியே வந்து கண் திறந்ததும், அவனுக்கு வாடகைக்கு ஓர் அறை கொடுப்பார் யார்? இக்கேள்வி சிறையதிகாரிக்கு உரியதன்று, நமக்கு உரியது.

பிறப்பினாலேயே கள்வர் என்று முத்திரை குத்திய சட்டமும் இந்நாட்டில் இருந்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் 1952இல் நீக்கப்படும்வரை, குற்றமே செய்யாதவரும் காவல்நிலையத்தில் பெயர் கொடுத்துக் கைரேகை வைத்தனர். அச்சுறுத்தல் எல்லை கடந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் பாட்டன்மாரைக் கேட்டால் போதும்; வேறு சான்று வேண்டா.

இனி எம் கடிதத்திற்கு வருவோம். எழுதுவதற்கு முன் அவ்விளைஞனைத் தனியே அழைத்துக் கேட்டோம். கத்தியிருப்பது உனக்குத் தெரியுமா என்றதற்கு, முதலில் இல்லை என்றான். பிறகு தலை கவிழ்ந்து, தெரியும் என்றான். அம்மையாரிடம் சென்று, அவருக்கு நேர்ந்ததை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதிக்கொண்டோம். கடிதத்தின் முதற் பாதியில் அதனையே வைத்தோம்: இரவு வேலையை விட்டது, குறைந்த கூலி, வண்டியோசைக்கு நடுங்குவது. பிற்பாதியில் இளைஞனைப் பற்றி எமக்குத் தெரிந்த மெய்யை மட்டும் எழுதினோம்: முன்குற்றம் இல்லாதவன், தந்தையை இழந்தவன், பிணையில் இருந்த ஆண்டுகளில் ஒழுங்காய் வேலைக்குச் சென்றவன், கத்தியிருப்பதை அறிந்தே வண்டியை ஓட்டியவன். விடுவிக்குமாறு யாம் வேண்டவில்லை. மன்றம் எதனை விதிப்பினும், பறிகொடுத்தவரின் இழப்பீட்டை மறவாதிருக்க வேண்டினோம். அவன் திரும்பும் நாளில் வேலைக்கும் தங்குமிடத்திற்கும் சபை பொறுப்பேற்கும் என்று கையெழுத்திட்டோம். அறிந்தே ஓட்டினான் என்று எழுதியதை வக்கீல் படித்துக் காட்டியதும் அத்தாய் கடிதத்தை எம்மிடமே திருப்பி நீட்டினார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து வாங்கிச் சென்றார். ஆயினும் அதன்பின் மூன்று பௌர்ணமி அவர் சபைக்கு வரவில்லை.

கத்தி பிடித்தவனுக்கு 7 ஆண்டு. ஓட்டியவனுக்கு 2 ஆண்டுக் கடுங்காவல்; விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த மாதங்கள் கழிக்கப்பட்டன. அபராதத் தொகை அம்மையாருக்கு இழப்பீடாகச் சேருமாறு ஆணையாயிற்று. நன்னடத்தைப் பிணையில் விடாமைக்கு நீதிபதி காட்டிய காரணம், கத்தியை அறிந்திருந்தான் என்பது. எம் கடிதமே அவனைச் சிறைக்கு அனுப்பியதோ என்னும் எண்ணம் இன்றும் எம்மை விட்டு நீங்கியதில்லை. சாட்சியத்திலும் அது வந்திருந்தது என்கிறார் வக்கீல். இருக்கலாம்.

மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கத்தி பிடித்தவனுக்காக யாம் ஒரு வரியும் எழுதவில்லை. அவனுக்கு நம் சபையில் அழுவதற்கு ஒரு தாய் இல்லை. அதனால் அவன் எம் நினைவிலேயே வரவில்லை. 7 ஆண்டு தகும் என்றே இன்றும் கருதுகின்றோம். ஆனால் 7 ஆண்டு முடிந்தபின் அவனும் இதே தெருவுக்குத்தான் வருவான். சென்ற ஆண்டு முதன்முறையாக அவனைக் காணச் சென்றோம். நீங்கள் யார் என்று கேட்டான். மறுமுறை சென்றபோது, அச்சுத் தொழில் கற்பதாகக் கூறினான். அவ்வளவே பேச்சு.

இளையவன் 2024இல் வெளியே வந்தான். சபையன்பர் ஒருவரின் மரவேலைப் பட்டறையில் வேலை. பட்டறை மாடியிலேயே தங்கல். அபராதத்தால் ஈடாகாத சங்கிலியின் எஞ்சிய விலையை மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கொடுப்பதாக, எவரும் கேளாமல் அவனே கூறினான். அம்மையாரிடம் சொன்னோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. யாமும் சொல்லச் சொல்லவில்லை. அவனை நேரில் காண விருப்பமில்லை, அவன் வரும் நாள் எதுவென்று முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்றார். ஆதலால் அவன் அமாவாசைக்கு வருகின்றான், அம்மையார் பௌர்ணமிக்கு வருகின்றார். அவன் தாய் இரண்டு நாளும் வந்து மலர்த்தட்டு ஏந்துகின்றார்.

பணத்தை உறையிலிட்டு எம் கையில் தருவான். பௌர்ணமியன்று அதனை அம்மையாரிடம் சேர்ப்போம். அவர் விளக்கருகே சென்று இருமுறை எண்ணிப் பார்த்து, எம் குறிப்பேட்டில் கையெழுத்திட்டு, பொழுது சாயுமுன் வீட்டுக்குப் புறப்படுகின்றார்.